தொழில் கேள்வி–பதில்: தள்ளிப்போட்ட நாளின் விலை

தொழிலிலும் அலுவலகத்திலும் வேலையைத் தள்ளிப்போடுவதால் வரும் சிக்கல்களைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வரி, சட்டம், இயந்திரம், அலுவலக வேலை எனப் பல பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்தன. அந்தந்தத் துறையில் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள். கெடு என்று எதைச் சொன்னாலும் அதில் இரண்டு ரகம் உண்டு. தாண்டிவிட்டால் காசு கட்டி மீளக்கூடியது ஒன்று. எத்தனை லட்சம் கொடுத்தாலும் திரும்பாதது இன்னொன்று. உங்கள் மேஜையில் கிடக்கும் வேலை எந்த ரகம் என்று பார்த்துக்கொண்டே படியுங்கள்.

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறேன். ஒரு பார்ட்டி கொடுத்த 3,40,000 ரூபாய் செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பிவிட்டது. வங்கி மெமோ கைக்கு வந்து 22 நாள் ஆகிறது. "அடுத்த மாசம் கட்டாயம் போட்டுவிடறேன், வக்கீல்கிட்ட எல்லாம் போகாதீங்கண்ணா" என்கிறார். பத்து வருடப் பழக்கம். பொறுத்துப் பார்க்கலாமா?

உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறோம்.

பொறுக்கலாம். ஆனால் நோட்டீஸை அனுப்பிவிட்டுப் பொறுங்கள். 1881-ம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவின்படி, செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து உங்களுக்குக் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் பணம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். உங்கள் கையில் மிச்சம் 8 நாள். வழக்குத் தாக்கல் செய்வதில் தாமதமானால், தக்க காரணம் இருந்தால் நீதிமன்றம் மன்னிக்க இடமுண்டு. நோட்டீஸ் அனுப்பத் தவறிய தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் வழியே இல்லை. "அடுத்த மாசம்" என்று அவர் சொல்வது நல்லெண்ணத்தோடுகூட இருக்கலாம். ஆனால் அந்த அடுத்த மாதம் வரும்போது உங்கள் உரிமை போயிருக்கும்.

நாள் கணக்கு இப்படி ஓடும். மெமோ ஜூன் 3 அன்று கிடைத்தது என்று வையுங்கள். நோட்டீஸ் ஜூலை 3-க்குள் போக வேண்டும். அது அவர் கைக்கு ஜூலை 6 அன்று கிடைத்தால், பணம் கட்ட அவருக்கு 15 நாள், அதாவது ஜூலை 21 வரை அவகாசம். கட்டவில்லை என்றால் ஜூலை 22 முதல் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். ஆகஸ்ட் 21-ஐக் கடைசி நாளாக வைத்துக்கொண்டால் பயமில்லை. 15 நாள் முடிவதற்கு முன்பே அவசரப்பட்டுத் தாக்கல் செய்தாலும் புகார் நிற்காது.

நோட்டீஸில் செக் எண், தேதி, வங்கிக் கிளை, தொகை, திரும்பிய காரணம், மெமோ தேதி, எந்தெந்த பில்லுக்காகக் கொடுத்த செக் என்பதெல்லாம் இருக்க வேண்டும். கேட்கும் தொகை செக் தொகையாகவே இருக்கட்டும். வட்டி, வக்கீல் செலவு கேட்பதானால் தனி வரியில் தனித் தொகையாகப் போடுங்கள். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டு நோட்டீஸே செல்லாமல் போன வழக்குகள் உண்டு. செக்கை வங்கியில் போடும் முன்பே அவர் ஒரு பகுதியைக் கட்டியிருந்தால், அதைச் செக்கின் பின்புறம் குறித்திருக்க வேண்டும். இல்லையென்றால் முழுத் தொகைக்கு 138 நிற்காது. நோட்டீஸை ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையுடன் அனுப்பி, ரசீதையும் டிராக்கிங் பக்கத்தின் பிரதியையும் மெமோவோடு சேர்த்துப் பின் போட்டு வையுங்கள்.

30 நாளைத் தவறவிட்டவர்களுக்கு ஒரே ஒரு கதவு திறந்திருக்கலாம். செக் தேதியிலிருந்து 3 மாதம் இன்னும் முடியவில்லை என்றால் மறுபடி வங்கியில் போடுங்கள். மறுபடி திரும்பினால் புது மெமோ, புது 30 நாள். இப்படி அடுத்தடுத்துத் திரும்பியதை வைத்து வழக்குப் போடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்த்துச் சொல்லியிருக்கிறது. 3 மாதமும் முடிந்துவிட்டால் பணத்துக்கான உரிமையியல் வழக்குதான் மிச்சம்.

பழக்கம் கெடுமே என்று தயங்குகிறீர்கள். அவருக்கு முதலில் போன் செய்து, "நோட்டீஸ் வரும், சட்டத்தில் நாள் கணக்கு இருப்பதால் அனுப்புகிறேன், நீங்கள் சொன்ன தேதி வரை நான் கோர்ட்டுக்குப் போகவில்லை" என்று சொல்லிவிட்டே அனுப்பலாம். அந்தத் தேதி புகாருக்கான கெடுவைத் தாண்டிப் போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரில் காம்பாக்டிங் (பின்னல் துணி சுருங்காமல் பதப்படுத்துவது) ஜாப் ஒர்க். மாதம் 8 லட்சம் பில் போடுகிறேன். 40,000 ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரி (வாங்கும்போதே கட்டிய வரி) போக 28,000 கட்ட வேண்டும். பார்ட்டிகள் பணம் தராததால் 4 மாதமாக 3பி (மாத வரி ரிட்டர்ன்) போடவில்லை. பணம் வந்ததும் மொத்தமாகப் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானா?

இது காசு கட்டி மீளக்கூடிய ரகம். ஆனால் மீள்வதற்கு நீங்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் பணத்தையே இந்தத் தாமதம் அடைத்து வைத்திருக்கிறது. அதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

ஒரு மாதத்து ஜிஎஸ்டிஆர்-3பி போடாமல் அடுத்த மாதத்து ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில் விவரம் தரும் ரிட்டர்ன்) போட போர்ட்டல் விடாது. அதனால் கடைசி 3 மாத பில்கள் உங்கள் பார்ட்டிகளின் ஜிஎஸ்டிஆர்-2பியில் (வாங்கியவர் வரவு எடுக்கக்கூடிய வரியைக் காட்டும் பட்டியலில்) ஏறியே இருக்காது. அவர்களின் அக்கவுண்டன்ட் ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி வரும் 2பியைத்தான் பார்க்கிறார். உங்கள் பில் அதில் இல்லை என்றால் வரித் தொகையை நிறுத்துவார், சில கம்பெனியில் பில் முழுவதையும் நிறுத்துவார்கள். பார்ட்டி தரவில்லை என்று நீங்கள் ரிட்டர்ன் போடவில்லை. ரிட்டர்ன் இல்லை என்று பார்ட்டி தரவில்லை. இந்த முடிச்சை உங்கள் பக்கமிருந்துதான் அவிழ்க்க முடியும்.

ஆகும் செலவு: கட்ட வேண்டிய ரொக்க வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. 30, 60, 90, 120 நாள் தாமதமான நான்கு மாதத்துக்கும் சேர்த்துச் சுமார் 4,100 ரூபாய். தாமதக் கட்டணம் நாளுக்கு 50 ரூபாய். ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி வரை உள்ளவர்களுக்கு ஒரு ரிட்டர்னுக்கு 2,000 ரூபாய்தான் உச்சம் என்பதால் நான்குக்கும் சேர்த்து 7,500. ஆக மொத்தம் 11,600 ரூபாய் வீண். வலிக்கும், ஆனால் தொழில் மூழ்காது.

மூழ்கடிப்பவை வேறு. தொடர்ந்து 2 மாத 3பி நிலுவையானால் உங்கள் பெயரில் வெளியே போகும் சரக்குக்கு ஈ-வே பில் முடங்கும். ரிட்டர்ன் போடச் சொல்லி 15 நாள் நோட்டீஸ் வரும். அதற்கும் அசையாவிட்டால் அதிகாரியே ஒரு தொகையை மதிப்பிட்டு உத்தரவு போடுவார். 60 நாளுக்குள் ரிட்டர்ன் போட்டால் அந்த உத்தரவு தானாக ரத்தாகும். தொடர்ந்து 6 மாதம் போடாவிட்டால் பதிவையே ரத்து செய்யலாம். ரத்தானதை மீட்க விண்ணப்பிக்க 90 நாள். நீங்கள் நாலாவது மாதத்தில் இருக்கிறீர்கள்.

மொத்தமாகப் போடலாம் என்ற யோசனையை விடுங்கள். பழைய மாதத்தின் 1, அதன் 3பி, அடுத்த மாதத்தின் 1, அதன் 3பி என்று படி ஏறுவதுபோல்தான் போர்ட்டல் அனுமதிக்கும். கையில் 30,000 சேர்ந்தாலும் முதல் படியை ஏறிவிடுங்கள். ஒரு 3பி முடிந்ததும் அடுத்த மாதத்து 1 திறக்கும், அந்த மாத பில்கள் பார்ட்டியின் அடுத்த 2பியில் தெரியும், அந்தப் பணத்தைக் கேட்க உங்களுக்கு வாய் வரும். கட்ட முடியாத மாதங்களிலும் இருக்கிற பணத்தை 20-ம் தேதிக்குள் போர்ட்டலில் உள்ள உங்கள் ரொக்கப் பேரேட்டில் செலான் போட்டு வையுங்கள். கெடுவுக்குள் அங்கே போய்ச் சேர்ந்த தொகைக்கு, ரிட்டர்ன் தாமதமானாலும் வட்டி கிடையாது. 2024-ல் வந்த இந்த விதி பல சிறு யூனிட்டுகளுக்கு இன்னும் தெரியவில்லை.

பார்ட்டியிடம் கேட்பதையும் நீங்கள் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஜாப் ஒர்க் ஒரு சேவை. உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருந்தால் 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப் பாதுகாப்பு உங்களுக்கு உண்டு. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள், இருந்தால் அதிகபட்சம் 45 நாள். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் 3 மடங்கு, மாதக் கூட்டு வட்டி. அதோடு, அந்தக் கெடுவைத் தாண்டி நிற்கும் தொகையை, உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் வாங்குபவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். 2024 ஏப்ரல் 1 முதல் இது நடப்பில் இருக்கிறது. அதனால் பிப்ரவரி கடைசியில் உத்யம் சான்றின் நகலோடு நிலுவைப் பட்டியலை அவர்களின் ஆடிட்டருக்கும் ஒரு பிரதி போகும்படி அனுப்புங்கள். மார்ச் 31-க்குள் பணம் வர இது உதவும். உத்யம் பதிவு இலவசம். பதிவுக்கு முன்னால் செய்த வேலைக்கு இந்த உரிமையைக் கேட்பது சிக்கல் என்பதால் இன்றே செய்யுங்கள். வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு இல்லை.

ஜூன் 10 அன்று பிடித்த டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வருமான வரி) தொகையை ஜூலை 7-க்குப் பதில் ஜூலை 8 அன்று கட்டினேன். ஒரு நாள் தாமதத்துக்கு 3 சதவீத வட்டி கேட்கிறார்கள். தவறா? – வாசகர், கரூர்

தவறில்லை. பிடித்த வரியைக் கட்டத் தாமதமானால் மாதத்துக்கு 1.5 சதவீதம். வட்டி கெடு நாளிலிருந்து தொடங்காது, பிடித்த நாளிலிருந்து தொடங்கும். மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். ஜூன் ஒன்று, ஜூலை ஒன்று, ஆக 3 சதவீதம். 5-ம் தேதியே கட்டும் நாள் என்று அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 7-ம் தேதி இரவு வங்கி சர்வரோடு மல்லுக்கட்டுவது தேவையில்லாத வேலை.

கோவை கணபதி பக்கம் 6 மெஷின் வைத்து சிஎன்சி ஜாப் செய்கிறோம். 15 ஹெச்பி ஸ்க்ரூ கம்ப்ரஸர். லைனில் அங்கங்கே ஏர் லீக் ஆகிறது, சர்வீஸும் தள்ளிப்போகிறது. மெஷினை நிறுத்த நேரமில்லை. ஆர்டர் முடிந்ததும் பார்க்கலாம் என்று ஆறு மாதம் ஓடிவிட்டது. பெரிய நஷ்டமா?

எவ்வளவு நஷ்டம் என்று நீங்களே கால் மணி நேரத்தில் அளந்துவிடலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லா மெஷினையும் நிறுத்துங்கள், ஏர் லைன் வால்வுகள் மட்டும் திறந்தே இருக்கட்டும். கம்ப்ரஸரை ஓட விடுங்கள். எந்த மெஷினும் காற்று எடுக்காதபோது அது ஒருமுறை நிரப்பிவிட்டு சும்மா இருக்க வேண்டும். லீக் இருந்தால் திரும்பத் திரும்ப லோடு ஆகும், அதாவது காற்றை நிரப்பும். எத்தனை நொடி லோடில் ஓடுகிறது, எத்தனை நொடி அன்லோடில் இருக்கிறது என்று செல்போன் ஸ்டாப்வாட்சில் ஐந்து சுற்று குறித்துச் சராசரி எடுங்கள். லோடு நேரத்தை மொத்தச் சுற்று நேரத்தால் வகுத்தால் லீக் சதவீதம். 45 நொடி லோடு, 105 நொடி அன்லோடு என்றால் 150-ல் 45, அதாவது 30 சதவீதம். 10-க்குள் இருந்தால் நல்ல லைன்.

15 ஹெச்பி என்பது 11 கிலோவாட். அதில் 30 சதவீதம் மணிக்கு 3.3 யூனிட். நாளுக்கு 10 மணி, மாதம் 25 நாள் ஓடினால் 825 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் மாதம் 6,600, ஆறு மாதத்தில் 39,600 ரூபாய் காற்றோடு போயிருக்கிறது. 7 பார் அழுத்தத்தில் ஒரே ஒரு 3 மில்லிமீட்டர் ஓட்டை மட்டும் மணிக்குச் சுமார் 4 யூனிட் தின்னும். அதை அடைக்க வேண்டியது ஒரு ஃபெரூலோ, டெஃப்லான் டேப்போ, புது ஓ-ரிங்கோதான்.

இந்த மாதிரி வேலை ஏன் தள்ளிப்போகிறது தெரியுமா? அதன் வலி வெளியே தெரிவதில்லை. கடைசி மெஷினில் சக் சரியாகப் பிடிக்கவில்லை என்றதும் ஆபரேட்டர் கம்ப்ரஸர் செட்டிங்கை 7-லிருந்து 8 பாருக்கு ஏற்றிவிடுவார். வேலை நடக்கும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஒரு பார் ஏற்றினால் மின்சாரம் 6 முதல் 7 சதவீதம் கூடும், அதிக அழுத்தத்தில் அதே ஓட்டை இன்னும் அதிகக் காற்றை விடும். உங்கள் கம்ப்ரஸரின் செட்டிங்கை இன்றைக்குப் போய்ப் பாருங்கள். ஏற்றியிருந்தால் எப்போது, எதற்காக என்று கேளுங்கள்.

ஆறு மெஷினையும் ஒன்றாக நிறுத்த வேண்டியதில்லை. சனிக்கிழமை ஷிப்ட் மாறும்போது ஒரு மெஷினின் லைனை மட்டும் எடுங்கள். சோப்பு நுரையைப் பிரஷ்ஷில் தொட்டு குயிக் கப்ளர், பியூ ஹோஸ் நுழையும் ஃபிட்டிங், எஃப்ஆர்எல் (காற்றை வடிகட்டி அழுத்தத்தைச் சீராக்கும் யூனிட்) கிண்ணம், ஏர் கன் டிரிகர், ரிசீவரின் டிரெய்ன் வால்வு ஆகிய இடங்களில் தடவுங்கள். லீக்கில் பெரும்பகுதி இந்த ஐந்தில்தான் இருக்கும். குமிழி வந்த இடத்தில் எண் போட்ட சிவப்பு டேக் கட்டுங்கள். டேக் தொங்கினால் கண்ணை உறுத்தும், வேலை நடக்கும்.

சர்வீஸை ஹவர் மீட்டரில் ஓடிய மணியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏர் ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும். ஆயில் கெட்டால் சூடு ஏறி அதிக வெப்பத்தில் ட்ரிப் ஆகும். ட்ரிப்பை ரீசெட் செய்து ரீசெட் செய்து ஓட்டினால் ஏர்-எண்ட் (காற்றை அழுத்தும் ஸ்க்ரூ பகுதி) பேரிங் போகும். அப்போது ஆயில், ஃபில்டர் விலையில் முடிந்திருக்க வேண்டியது ஏர்-எண்ட் விலையில் போய் நிற்கும், மெஷின் ஆறும் சேர்ந்து நிற்கும். ரிசீவரில் தேங்கும் தண்ணீரைக் காலையில் கம்ப்ரஸர் போடும் முன் திறந்துவிடுவது ஒரு நிமிட வேலை. அதை விட்டால் தண்ணீர் சிலிண்டர் சீல் வரை போகும்.

அம்பத்தூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் எஸ்டிமேஷன் பார்க்கிறேன். பெரிய கொட்டேஷன் வந்தால் அதைத் திறக்கவே மனம் வராது. சின்னச் சின்ன மெயில்களுக்கெல்லாம் பதில் போட்டுக்கொண்டிருப்பேன். கடைசி நாள் இரவு உட்கார்ந்து முடிப்பேன். நான் சோம்பேறியா? – வாசகி

இல்லை அம்மா. சோம்பேறியாக இருப்பவர் மெயில்களுக்கும் பதில் போட மாட்டார். ஃபியூஷா சிரோயிஸ், டிமோதி பைச்சில் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2013-ல் எழுதியது உங்களுக்குப் பொருந்தும். மனதைச் சங்கடப்படுத்தும் வேலையிலிருந்து அந்த நேரத்துக்குத் தப்பித்து, நிம்மதியைத் தேடுவதுதான் தள்ளிப்போடுதல் என்கிறார்கள். பெரிய கொட்டேஷனில் உங்களைச் சங்கடப்படுத்துவது ரேட் தப்பாகிவிடுமோ என்ற பயமாக இருக்கலாம். அந்தப் பயம் இருக்கட்டும். ரேட் போடும் வேலையை முதல் நாள் தொடவே வேண்டாம்.

முதல் நாள் 20 நிமிடம், டிராயிங்கைத் திறந்து எடை மட்டும் போடுங்கள். 10 மில்லிமீட்டர் எம்எஸ் பிளேட், 2.5 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம்: 10 × 2.5 × 1.25 × 7.85 (இரும்பின் அடர்த்தி), சுமார் 245 கிலோ. இதில் பயப்பட ஒன்றுமில்லை, வெறும் பெருக்கல். ஆனால் எடை கையில் வந்ததும் பிளேட், பெயின்ட், கால்வனைசிங், லாரி ஆகிய நான்குக்கும் வெளியே விலை கேட்டு அன்றே மெயில் போய்விடும். இதுதான் முக்கியம். உங்கள் கையில் இருக்கும் வேலையைக் கடைசி இரவில் விழித்திருந்து முடிக்கலாம். கால்வனைசிங் யூனிட்காரரின் பதிலை எப்படி வரவழைப்பது? கடைசி இரவு போடும் கொட்டேஷனில் அந்த இடத்தில் ஊகத் தொகைதான் உட்காரும். கம்பெனிக்கு நஷ்டம் அந்த வரியில்தான் வரும்.

எப்போது தொடங்குவது என்பதை முன்கூட்டியே ஒரு வாக்கியமாக எழுதி வையுங்கள்: "காலை டீ முடிந்து சீட்டுக்கு வந்ததும், மெயில் திறக்கும் முன், டிராயிங்கைத் திறந்து எடை போடுவேன்." இன்ன நேரம், இன்ன செயல் என்று இப்படி முடிச்சுப் போடுவது பலன் தருகிறது என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-ல் விளக்கியிருக்கிறார்.

மேலதிகாரியிடம் இடைக்கெடு கேளுங்கள்: திங்கள் எடை, புதன் விலைகள், வெள்ளி ரேட். டான் ஏரியலியும் கிளாஸ் வெர்டன்ப்ரோக்கும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் பிழை திருத்தும் வேலையை மூன்று குழுவுக்குக் கொடுத்தார்கள். சம இடைவெளியில் பிறர் வைத்த கெடுவோடு செய்தவர்கள் அதிகப் பிழை பிடித்தார்கள், கடைசியில் ஒரே கெடு வைத்தவர்கள் குறைவாகப் பிடித்தார்கள். தங்கள் கெடுவைத் தாங்களே வைத்துக்கொண்டவர்கள் நடுவில் நின்றார்கள். உங்களுக்கு நீங்களே கெடு வைப்பதைவிட இன்னொருவர் கேட்பார் என்பது வலுவானது.

ஆன்லைன் டெண்டராக இருந்தால் இன்னொன்று. அது சர்வர் நேரப்படி மூடும், ஒரு நிமிடம் பிந்தினாலும் ஏற்காது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் காலாவதியாகவில்லையா, முன்வைப்புத் தொகை போய்ச் சேர்ந்ததா என்று மூன்று நாள் முன்பே பாருங்கள்.

மதுரையில் எலெக்ட்ரிக்கல் சாமான் மொத்த விற்பனை. 2023-லிருந்து சில கடைகளின் பாக்கி நிற்கிறது. உறவுக்காரர்கள், தெரிந்தவர்கள். முகத்துக்கு நேரே கேட்கச் சங்கடம். எவ்வளவு நாள் விடலாம்?

மூன்று ஆண்டு. 1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கடன் நாள் குறிக்காத சரக்குக்குச் சரக்குக் கொடுத்த நாளிலிருந்தும், 30 நாள், 60 நாள் என்று பில்லில் குறித்திருந்தால் அந்த நாள் முடிவதிலிருந்தும் இந்த மூன்று ஆண்டு ஓடும். 2023 ஆகஸ்ட் 10 பில், 30 நாள் கடன் என்றால் 2026 செப்டம்பர் 9-உடன் முடிகிறது. அதற்கு மேல் வழக்குப் போட முடியாது. இது திரும்பாத ரகம்.

பணம் கேட்கச் சங்கடம் என்றால் பணம் கேட்காதீர்கள். கையெழுத்துக் கேளுங்கள். "எங்கள் பேரேட்டின்படி 31.3 தேதியில் தங்கள் கணக்கில் நிலுவை இன்ன தொகை, சரியென்றால் கையெழுத்திட்டு முத்திரை வைத்துத் தரவும்" என்று ஒரு நிலுவை உறுதிக் கடிதம். ஆடிட்டர் கேட்கிறார் என்று எல்லாக் கடைக்கும் ஒரே நாளில் அனுப்பினால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். மூன்று ஆண்டு முடியும் முன் கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். கையெழுத்துக்குக் கீழே தேதி அவர் கையாலேயே இருக்கட்டும். ஒரு பகுதியைச் செக்காக வாங்கினாலும் காலம் நீளும். "தந்துடறேன் மாமா" என்ற வாட்ஸ்அப் செய்தியை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், காகிதக் கையெழுத்தே பலம்.

கெடு முடிந்தபின் வாங்கும் நிலுவை உறுதிக் கடிதம் பழைய கடனுக்கு உயிர் கொடுக்காது. அப்போது "இந்தத் தொகையைத் தருகிறேன்" என்று எழுத்தில் புது வாக்குறுதியும் கையெழுத்தும் வேண்டும். 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25-வது பிரிவு அதை மட்டும் ஏற்கிறது. ஆனால் கெடு முடிந்தது தெரிந்தவர் எதற்காக எழுதித் தரப்போகிறார்?

இஎம்ஐ எப்போதும் பத்து நாள் பிந்தித்தான் கட்டுகிறேன். அபராதம் கட்டிவிடுகிறேனே, வேறென்ன? – வாசகர், சேலம்

பத்து நாள் பிந்தினாலே உங்கள் கணக்கு எஸ்எம்ஏ-0 என்ற கண்காணிப்பு வரிசையில் சேரும். 30 நாளைத் தாண்டினால் எஸ்எம்ஏ-1, 60-ஐத் தாண்டினால் எஸ்எம்ஏ-2, 90-ஐத் தாண்டினால் வாராக்கடன். 2025 ஜனவரி 1 முதல் வங்கிகள் கடன் தகவல் நிறுவனங்களுக்கு 15 நாளுக்கு ஒருமுறை விவரம் அனுப்பத் தொடங்கின. முன்பு மாதக் கடைசிக்குள் கட்டி மறைந்த தாமதம் இப்போது பதிவாக வாய்ப்பு அதிகம். சிசி (கேஷ் கிரெடிட்) கணக்கு வைத்திருப்பவர்கள் வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டையும் (சரக்கு இருப்பு அறிக்கை) கவனியுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மென்ட்டை வைத்து எடுக்கும் பணம் ஒழுங்கற்றதாகக் கருதப்படும், அது 90 நாள் நீடித்தால் வட்டி ஒழுங்காகக் கட்டிவந்தாலும் கணக்கு கெடும்.

சிவகாசியில் அச்சகம். பேப்பர் விலை ஏறியும் ரேட் ஏற்றிக் கேட்கத் தயக்கம். அடுத்த ஆர்டரில் பார்க்கலாம் என்று மூன்று ஆர்டர் போய்விட்டது.

100 ரூபாய் வேலையில் பேப்பர் 55, மற்றச் செலவு 33, மிச்சம் 12 என்று வையுங்கள். பேப்பர் 15 சதவீதம் ஏறினால் 8 ரூபாய் 25 காசு போய், மிச்சம் 3 ரூபாய் 75 காசு. முன்பு ஒரு ஆர்டரில் எடுத்ததை எடுக்க இப்போது மூன்று ஆர்டருக்கு மேல் அடிக்க வேண்டும், மெஷினும் ஆளும் அதற்கேற்ப உழைக்க வேண்டும். கொட்டேஷனின் அடியில் "இந்த விலை 7 நாளுக்கு மட்டும், பேப்பர் விலை மாறினால் ரேட் மாறும்" என்ற வரியை நிரந்தரமாக அச்சிட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் தைரியம் வரவழைக்க வேண்டியதில்லை. வருடம் ஒருமுறை 9 ரூபாய் ஏற்றிக் கேட்பதைவிட, மில் விலை மாறிய வாரத்திலேயே மில்லின் ரேட் கடிதத்தைக் காட்டி 3 ரூபாய் கேட்பது வாங்குபவருக்கும் எளிது.

மைத்துனர் தொழில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். இஷ்டமில்லை. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று இரண்டு மாதமாக இழுக்கிறேன். – வாசகர், திண்டுக்கல்

அவர் அதை "சரி" என்று எடுத்துக்கொண்டிருப்பார். அதை நம்பி மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால், அதன்பின் நீங்கள் மறுப்பது அவருக்குப் பண நஷ்டம், உங்களுக்குத் தீராத மனஸ்தாபம். வங்கியில் ஃபைல் உள்ளே போகும் முன் சொல்லிவிடுங்கள். ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது. வங்கி முதலில் அவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தக் கடன் உங்கள் கடன் அறிக்கையிலும் தெரியும், நாளைக்கு உங்கள் வீட்டுக் கடனுக்கு இடிக்கும். இதைக் காரணமாகச் சொல்லலாம். கூடவே ஒரு வழியும் சொல்லலாம்: தகுதியுள்ள குறு, சிறு நிறுவனக் கடன்களுக்கு சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத் திட்டத்தில் மூன்றாம் நபர் ஜாமீன் இல்லாமலே வங்கி கடன் தரலாம். கிளை மேலாளரிடம் அதைக் கேட்க இந்த வாரமே அவரோடு நீங்களும் கூடப் போய் வாருங்கள்.